மாண்டிங் மேளத்துக்கு எழுந்தவள்

கரியாக்கூத் தீவு
ஞாயிறு

தங்கச்சி,

பாசமுள்ள என்று எழுத இன்று எனக்குக் கை வரவில்லை.

அம்மாவின் கல்லறைக்குக் கல் வைத்த விருந்துக்கு நீ வராமல் உன் மகளை அனுப்பினாய். ஆப்பிரிக்காவில் நம் முன்னோர்கள் எந்தக் குலமோ, மேளம் வழக்கம்போல் அந்தந்தக் குலமாக ஆட அழைத்தது. மாண்டிங் குலத்துக்கு அடித்ததும் உன் மகள் எழுந்து ஆடப் போனாள். மேளக்காரர் காலிஸ்ட் மாமா அடிப்பதையே நிறுத்திவிட்டார்.

"நீ எங்கம்மா கிளம்பிட்டே? உங்க வீடு இபோ குலமாச்சே. உட்காரு!"

"எங்க முப்பாட்டி அடாகு மாண்டிங் இளவரசின்னு அம்மா புத்தகத்துல இருக்கே!"

கூட்டமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து கைவிலங்கோடு அடிமைக் கப்பலில் வந்தவளை இளவரசி ஆக்கினாய், தொலையட்டும். தோட்டத் துரைக்குக் காதலி ஆக்கினாயே, எப்படியடி மனசு வந்தது? "கதைதானே அக்கா" என்று மட்டும் சொல்லாதே. உன் மகள் அதை நம்பித்தான் எழுந்தாள்.

உன் புத்தகத்தில் துரை அவளுடைய இரண்டு காதிலும் முத்துத் தோடு மாட்டிவிடுகிறான். தப்பி ஓடியதற்காக அவளுடைய இடது காதை அறுத்தவனே அவன்தான். அம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்; உனக்கு மறந்திருக்காது.

இரண்டாவது தோட்டை அவன் எங்கே மாட்டினான்? அதை மட்டும் எழுது.

உன் அக்கா