குண்டு போடாத துப்பாக்கி

என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் எழுதாதவன் இன்றைக்கு எழுத உட்கார்ந்தால், பயல் ஏதோ தப்பு பண்ணியிருக்கிறான் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். போலீஸ்காரர் அல்லவா. ஆமாம் அப்பா, தப்புதான் பண்ணியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பண்ணினேன். அதனால் நாலு பேர் படிக்கும்படியே இதை எழுதுகிறேன்.

பெரம்பலூரில் நம் ஃப்ளெக்ஸ் கடை நடந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள். போன வருடம் அரியலூர்ப் பக்கம், வேலை நின்றுபோன ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் போலீஸ் படம் எடுக்க வந்தார்கள். எண்பதுகளில் நடக்கிற கதை. ஸ்டேஷன் போர்டு, சுவர் விளம்பரம் எல்லாம் அந்தக் காலத்து மாதிரி எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்கள்.

போன முதல் நாளே, தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்தேன். கதாநாயகனான இன்ஸ்பெக்டருக்கு ரிவால்வர். வில்லன் ஆட்களுக்கு நாட்டுத் துப்பாக்கி. கான்ஸ்டபிள் வேஷம் போட்டவர்களுக்கும் இடுப்பில் ஆளுக்கொரு ரிவால்வர். என் வாய் சும்மா இருக்குமா? கான்ஸ்டபிளுக்கு ஏது சார் ரிவால்வர், லத்திதான், கலவரம் என்றால் மஸ்கட் கொடுப்பார்கள் என்றேன். மஸ்கட் என்றால் என்ன என்று டைரக்டர் கேட்டார். பார்க்க த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், கையால் எடுத்துப் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

மறுநாளே மரத்தில் மஸ்கட் செய்து இறக்கிவிட்டார்கள். தோளில் எப்படிச் சாய்ப்பது, போல்ட்டை எப்படி இழுப்பது என்று துணை நடிகர்களுக்குக் காட்டியது நான்தான். யூனிட்டே என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உங்கப்பா எப்போதாவது சுட்டிருக்கிறாரா என்று டைரக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் உங்கள் பட்டப்பெயரையும் அது வந்த கதையையும் சொன்னேன். டிக்கு ஏட்டு.

உங்களுக்கு நடந்ததை உங்களுக்கே சொல்ல வேண்டாம். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கான்ஸ்டபிளாக இருந்தபோது, ஜெயங்கொண்டம் போகும் சாலையில் ஒரு ஊர்க்காரரைக் கல் லாரி அடித்துவிட்டது. ஊரே ரோட்டில் உட்கார்ந்தது, பிறகு கல் பறந்தது. அதிகாரி உங்களை முன்னால் நிறுத்தி லோட் பண்ணச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே சுடு என்றார். நீங்கள் குறி வைத்து விசையை இழுத்தீர்கள். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார்கள். அதற்குள் தாசில்தார் ஜீப் வந்து, பேச்சுவார்த்தை ஆரம்பமாகிவிட்டது.

தோட்டா உங்கள் பையிலேயே இருந்தது. பதற்றத்தில் போட மறந்துவிட்டேன் ஐயா என்றீர்கள். கோழை என்று உங்கள் ரெக்கார்டில் எழுதி வைத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஏட்டு ஆன பிறகு, பல வருடம் கழித்துத்தான் உங்களுக்கு அந்தப் பதவி வந்தது. வந்தபோது முன்னால் டிக்கு என்பதும் ஒட்டிக்கொண்டது.

டைரக்டர் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, ஏன் போடவில்லை, பயமா என்று கேட்டார்.

எனக்கு உண்மை தெரியும். நீங்கள் ரிட்டயர் ஆன அன்று, மாலையும் கழுத்துமாகப் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "மறக்கலடா. ஆர்டர் காதுல விழுந்தா விரல் தானா அமுக்கிடும். அப்படித்தான் பழக்கி வச்சிருக்காங்க. என் விரல நான் நம்பல. அதான் குண்டே போடல." போட்ட மாதிரி கையை மட்டும் அசைத்தீர்களாம். அம்மாவிடம்கூடச் சொல்லாதே, சொன்னால் உன் மாமனுக்குப் போய்விடும் என்றீர்கள். மாமா ஸ்டேஷனில் ரைட்டர், நீங்கள் வேண்டுமென்றே ஆர்டரை மீறியது அவர் மூலம் மேலே தெரிந்துவிடும் என்ற பயம். ரிட்டயர் ஆன பிறகும் உங்களுக்கு அந்த ஜாக்கிரதை போகவில்லை.

டைரக்டர் கேட்டபோது இதெல்லாம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. சுற்றிலும் பத்துப் பேர் சிரித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா சார், பயம்தான். தொடையெல்லாம் நடுங்கிச்சாம்" என்றேன். தொடை நடுங்கியதாக எனக்கு யார் சொன்னது? நானாகச் சேர்த்தேன். இன்னொரு சிரிப்பு கிடைத்தது. அதை எழுதும்போது இப்போதும் முகம் எரிகிறது அப்பா.

படம் வந்தது. டைட்டிலில் என் பெயர் வருகிறது என்று அம்மாவை நானே தியேட்டருக்கு அழைத்துப் போனேன். பாதிப் படத்தில் அந்தக் காட்சி. தொப்பை வைத்த ஒரு கான்ஸ்டபிள் தொடை நடுங்க மஸ்கட்டைத் தூக்குகிறார். டிக். கால்சட்டை நனைகிறது. அது நான் சொன்னதில்லை, அவர்கள் சேர்த்தது. சேர்க்கலாம் என்று காட்டிக்கொடுத்தவன் நான். உடனே பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, ஆறு குண்டு ரிவால்வரில் ஒன்பது தடவை சுட்டுக் கூட்டத்தைச் சாய்க்கிறார். தியேட்டரே கை தட்டியது. அந்தக் கான்ஸ்டபிளுக்குப் படத்தில் பெயரே டிக்குதான்.

அம்மா மீதிப் படம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள். "உங்கப்பா பயந்த மனுசன்தான்டா. அது தெரிஞ்சுதான் இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன். அதுக்காக இப்படியா?"

வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அவளுக்குக் கோபம்தான் வந்தது. முதலில் உங்கள் மேல். நான் என்ன ஊர் பூராவும் தமுக்கடிக்கிறவளா, என்னிடம் மறைத்தாரே என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியாதவங்க சிரிச்சாங்க, போவுது. நீ தெரிஞ்சே சிரிச்சிருக்க."

இரண்டு நாள் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு நாளும் உங்கள் போட்டோ இருக்கும் அறைக்குள் நான் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வழக்கம்போல, விடுடா என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருப்பீர்களோ? அவ்வளவு பேர் இருக்க, என்னிடம் ஏன் சொன்னீர்கள்? என் பிள்ளையாவது என்னைக் கோழை என்று நினைக்கக் கூடாது என்றா?

வரும் ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் படக்குழுவுக்குப் பாராட்டு விழா. எனக்கும் ஒரு பொன்னாடை உண்டாம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாதான் போகச் சொல்கிறாள். முட்டி வலியோடு தானும் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன் என்கிறாள்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் அப்பா. மைக் கொடுத்தால் வாங்கி, கொடுக்காவிட்டால் பிடுங்கியாவது உங்கள் பெயரைச் சொல்வேன், பட்டப்பெயரை இல்லை. அவர் குண்டு போடாதது பயத்தால் இல்லை என்று சொல்வேன். பத்துப் பேர் சிரிப்புக்குப் பயந்து பொய் சொன்னவன் அவர் மகன் என்றும் சொல்வேன். அதற்கும் சிரித்தால் சிரிக்கட்டும். இந்தத் தடவை சரியான ஆளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

இப்படிக்கு,
ஏட்டு கோவிந்தசாமியின் மகன்
சண்முகம்