சகலையின் பட்டு வேட்டி

அன்பும் எரிச்சலும் சரிபாதியாகக் கலந்து எழுதுகிறேன், என் மூத்த சகலைக்கு.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாங்காய்ப் பருவம் முடிந்துவிட்டது. இந்த வீட்டில் உங்கள் பேச்சு மட்டும் ஓயவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் உங்கள் பேச்சு, குழம்பில் உப்புக் கூடினாலும் உங்கள் பேச்சு. "எங்க மாமாவா இருந்தா ஒரு வார்த்த சொல்லாம சாப்ட்டுட்டுப் போவாரு" என்கிறாள் என் மனைவி. அவள் அக்காவைக் கட்டியவர் நீங்கள், அவளைக் கட்டியவன் நான். அதற்காக ஆயுள் முழுக்க உங்கள் பக்கத்தில் நிறுத்தி என்னை அளக்க வேண்டுமா?

எனக்குப் பொறாமை, சகலை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாகரசம்பட்டியில் மாமனார் தோட்டத்து முதல் கூடை மல்கோவா உங்கள் வீட்டுக்குத்தான் போகும். சரி, மூத்த மாப்பிள்ளை, முறை அப்படி என்று விட்டுவிடலாம். அந்தக் கூடையிலிருந்து நல்ல பழமாகப் பொறுக்கி என் மகளுக்கென்று கொண்டுவந்து தருவீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. மனசாரத் திட்டக்கூட வழி விடமாட்டீர்கள்.

ஓசூர் கம்பெனியில் சி ஷிஃப்ட் என்றால் எல்லோரும் தலைதெறிக்க ஓடுவார்கள். நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். ராத்திரி முழுக்க மெஷினில் நின்றுவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரி வந்து இறங்கி, இரண்டு பெண்களையும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவீர்கள். அக்காவுக்கு மூச்சிரைப்பு. அதனால் தண்ணீர் பிடித்து வைத்து, துணியும் அலசிப் போட்டுவிட்டுத்தான் படுப்பீர்கள். தெருவே பார்த்தது. என் வீட்டுக்காரியும் பார்த்தாள்.

அதே கம்பெனியில் இருந்த நானும் விடவில்லை. வீம்புக்கு சி ஷிஃப்ட் மாற்றி வாங்கினேன். முதல் நாள் காலையிலேயே பஸ்ஸில் தூங்கிப்போனேன். நம் நிறுத்தம் தாண்டி, வண்டியை ஷெட்டில் விடும்போதுதான் டிரைவர் என்னைப் பார்த்து எழுப்பினார். அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தால், மகளைக் காணோம். உங்கள் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டாளாம்.

"இறங்கும்போது என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?" என்று உங்களிடம் சண்டைக்கு வந்தேன்.

"அசந்து தூங்கின, பாவமா இருந்துச்சுப்பா" என்றீர்கள்.

அன்றிலிருந்து அவள் பெரியப்பா சைக்கிளில்தான் போவேன் என்று அடம். சொல்லுங்கள், எந்த அப்பனுக்குத்தான் வயிறு எரியாது?

சேதிக்கு வருகிறேன். உங்கள் பெரியவள் கலாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஓசூரில் ஃபிட்டர். வீட்டில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம், டீக்கடையில் தெலுங்கு. பிழைத்துக்கொள்வான்.

தாரை வார்ப்பது யார் என்று பேச்சு வந்தது. ஜோடியாகத்தான் உட்கார வேண்டும், அக்கா உட்காரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் பங்காளி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேன்" என்றார். எனக்கும் ஆசை இருந்தது, சகலை. அந்தப் பெண்ணை நானும்தானே தோளில் போட்டு வளர்த்தேன்? ஒரே ஒரு நாள் உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடும்?

ஞாயிற்றுக்கிழமை கலா வந்தாள், கையில் துணிப்பையோடு. "சித்தப்பா, நீங்களும் சித்தியுந்தான் தாரை வாக்கணும்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதே வேகத்தில் பையிலிருந்து உங்கள் பட்டு வேட்டியை எடுத்து நீட்டினாள். "அப்பாவுது. இதக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

வந்ததே எனக்குக் கோபம். "ஏன், எங்கிட்ட வேட்டி இல்லையா? உங்கப்பன் வேட்டியக் காயப்போடற கொடியா நானு?"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கலா அழவில்லை. வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வேட்டி வேணாம்னா வேணாம் சித்தப்பா. ஆனா நீங்க உக்காரலன்னா வேற யாரும் உக்கார வேணாம். பங்காளிப் பெரியப்பாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு மெதுவாக, "அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்ப நான் செருப்புகூடப் போடாம ஓடியாந்தது இந்த வீட்டுக்குத்தான?" என்றாள்.

பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு கட்டிப் பார்த்தேன். தரையில் இழுபடுகிறது, இடுப்பில் நன்றாகத் தூக்கிச் சொருக வேண்டியிருக்கிறது. நீங்கள் அவ்வளவு உயரமா? என் மனைவி பார்த்துச் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உங்களை நினைத்துத்தான். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான்.

உங்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டே உட்காருகிறேன், சகலை. இது சத்தியம். அவள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து நீர் வார்க்கும்போது நான் தேம்பித் தேம்பி அழுவேன், எனக்கே தெரிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் சகலையை நினைத்து அழுகிறான் என்பார்கள். நீங்களும் அப்படி நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு நான் அழுவது என் மகளை அனுப்புகிறேனே என்றுதான். அதில் மட்டும் உங்களுக்குப் பங்கு தரமாட்டேன்.

கலாவைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போகும்
உங்கள் சின்னச் சகலை