நீ தாண்டிப் போன பக்கங்கள்

பேகம்பேட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டு அம்மாள் முழங்காலில் தடவியிருந்த தைலத்தின் வாடை வந்தது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கோ நீயே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன்.

போலாரம் குவார்ட்டர்ஸில் நாம் எதிரெதிர் வீடு. நீ செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. உன் வீட்டுக்காரர் மதுரைக்காரர், நாவல் பைத்தியம். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும், நீ காய் நறுக்க, ஓர் அத்தியாயம் உரக்கப் படிப்பார். கதையில் யாருக்காவது கஷ்டம் வந்தால் உன் கத்தி நின்றுவிடும். அன்று உங்கள் வீட்டில் சாப்பாடு தாமதம் என்று எங்களுக்கும் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து, அவருடைய வலது பக்கமும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டார். இப்படியே விட்டால் மனிதர் தங்கமாட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. நீ அவர் பாதியில் வைத்துவிட்டுப் போன நாவலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்குடு. இனிமே அவருக்கு நான்தானே படிக்கணும்."

இந்த வயதில் எதற்குச் சிரமம், நானே வந்து படிக்கிறேன் என்றேன். "நக்கோ" என்றாய். வேண்டாம் என்பதை உங்கள் ஊர் இந்தியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாய். அவர் கையைத் தைலம் போட்டு நீவிவிட்டு, அதே விரல்களால் புத்தகத்தைப் பிரிப்பாய். ஆனால் ஒரு திருட்டுத்தனம் செய்தாய். கதையில் வீடிழந்த ஒரு பெண் தன் பிள்ளைகளோடு பட்டினி கிடக்கும் பக்கங்கள் வந்ததும் சத்தமில்லாமல் தாண்டிவிட்டாய். அவருக்கு இருக்கிற கஷ்டம் போதாதா என்று என் காதில் சொன்னாய்.

அன்று நானும் அங்கே இருந்தேன். நீ அடுத்த தாளையும் புரட்டப் போனபோது அவர் திரும்பினார். இடது கையை நீட்டிப் பக்கத்தின்மேல் அழுத்திக்கொண்டார். உதடு கோணிக்கொண்டு துடித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நீ அசையவில்லை.

"ப... படி."

நீ படித்தாய். அழுதுகொண்டே, ஒரு வரி விடாமல், விட்ட இடத்திலிருந்து. அன்று அவர் கஞ்சி குடித்தார்.

அவர் தேறிவிட்டார். போனது நீதான், நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அதே காலையில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர் இப்போது லோத்குண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இந்தியில். நான் போகும்போதெல்லாம் ஒரு பக்கமாவது எனக்குப் படித்துக் காட்டுகிறார். நாக்கு இன்னும் வளைந்து கொடுக்கவில்லை. ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னார்.

"தங்கச்சி, எனக்காக எழுத்துப் படிச்சவ அவ. நான் வாயை மூடிட்டா அவளுக்கு என்ன மரியாதை?"

என்னை அவசரக்காரி என்று கேலி செய்வாயே, இப்போது வந்து பார். ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்வரை, எடுத்துக் கொடுக்காமல், அவரோடு காத்திருக்கிறேன்.