போகிற கரண்டும் வருகிற கரண்டும்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் உன்னையும் அவர் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்கிறோம். போனில் பேசினால் அப்பா நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பிவிடுகிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சோலார் போட்ட வீட்டில் மொத்தக் கரண்டையும் அளந்து போனில் காட்டும் கருவி என்று நீ மூன்று படம் அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா. பதில் வரவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். இங்கே நடந்த கூத்தைக் கேட்டால் சிரிப்பாய்.

நீ எதற்காகக் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் ஏசியைப் போடாமல் சிக்கனம் பிடித்து அப்பா மயங்கி விழுந்தார்களே, அன்றிலிருந்து உனக்கு உறக்கம் இல்லை. காலையில் மோட்டார் ஓடியதா, மத்தியானம் ஏசி ஓடியதா என்று அங்கிருந்தே பார்த்துவிட்டால் நிம்மதி என்கிறாய். எனக்குச் சம்மதம்தான், அன்று அவர்களைத் தூக்க முடியாமல் நான் தனியாக நின்றது எனக்குத்தான் தெரியும். ஆனால் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோர்ட்டில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவனைப் பெற்ற பிள்ளையே வேவு பார்ப்பதா என்று ஒரே சடவு. உன் வாயை அடைப்பதற்காக, இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்றை அவர்களே வரவழைத்து மாட்டிவிட்டார்கள். மெயின் ஒயரைச் சுற்றிக் கரண்டை அளக்கிற ஒரே ஒரு வளையம், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம் ராதாபுரம் பக்கம் அப்பா ஊர்க் கோயிலில் அசன விருந்து. இன்டர்நெட் பெட்டியைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். நல்ல உச்சி வெயிலில் பந்தியில் இலை போட்டுச் சோறும் விழுந்தாயிற்று, அப்பா போனை எடுத்துப் பார்த்தால் பூட்டிய வீட்டில் கரண்டு என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஓடுவதாகக் காட்டுகிறது. அசனச் சோறு, வேண்டாம் என்று யாராவது எழுந்திருப்பார்களா? பாதி இலையில் எழுந்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் செல்வமணி அண்ணாச்சி நம்முடைய லைனில் இருந்துதான் மோட்டாருக்கு ஒயர் இழுத்திருக்கிறார் என்று புலம்பல். வந்ததும் காம்பவுண்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அண்ணாச்சி என்னவென்று கேட்டதற்குப் பூனைக்குட்டியைத் தேடுவதாகச் சொன்னார்களாம். நம் வீட்டில் பூனை ஏது!

மறுநாளில் இருந்து வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். ஃபேனை அணைத்தால் கணக்கு ஏறுகிறது, பிரிட்ஜை அணைத்தால் இன்னும் ஏறுகிறது. வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறார்கள், மறுபடி விழுந்துவிடுவார்களோ என்று சொம்பில் தண்ணீரை நீட்டினேன். போங்கள் என்று நான் பாட்டுக்கு மாவாட்ட கிரைண்டரைப் போட்டேன், கணக்கு இறங்கியது! ஏசியையும் போட்டேன், இன்னும் இறங்கியது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாம் செலவழிக்காத சோலார் கரண்டு வெளியே ஈ.பி. லைனுக்குப் போகிறது, அதையும் இந்தக் கருவி நம் செலவு என்றே காட்டுகிறது. மாடியில் சோலார் போட்டுக் கொடுத்த காந்திமதிநாதனைக் கேட்டோம், அவரும் அதையேதான் சொன்னார். எவ்வளவு ஓடுகிறது என்று மட்டும்தான் இதற்குத் தெரியுமாம், வருகிறதா போகிறதா என்று தெரியாதாம். அப்பா அதற்குப் பிறகு அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொடுத்து அனுப்பினார்கள், எதற்கென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் உன் படங்களில் இரண்டாவதையே வாங்கு. அதில் மெயினுக்கு ஒரு வளையம், சோலார் லைனுக்குத் தனியாக ஒன்று, வருவதும் போவதும் பிரித்துக் காட்டுமாம். முதல் படத்தில் உள்ளதில் சோலாருக்கு இல்லை. மூன்றாவதில் அறைக்கு ஒன்றாக ஏகப்பட்ட வளையம், அதற்கு நம் போர்டில் இடமும் கிடையாது, நான் எப்போது வெந்நீர் போட்டுக் குளிக்கிறேன் என்று அயர்லாந்து வரைக்கும் தெரியவும் வேண்டாம்.

ஆனால் உன் போனில் தெரிவதற்கு அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். நேற்று ஆராதனை முடிந்து வரும் வழியில், திடீரென்று நின்று சொன்னார்கள்: "அவ வீட்டுலயும் ஒண்ணு மாட்டச் சொல்லுளா. அங்கன கரண்டு அடுப்பு எரியுதான்னு நானும் பாக்கணும்லா." எனக்கு நடுத்தெருவில் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கல்யாணப் பேச்சு முறிந்ததில் இருந்து நீ ஒண்டியாகக் கிடக்கிறாய். எப்போது கேட்டாலும் சமைத்தேன், சாப்பிட்டேன் என்கிறாய். நாங்களும் நம்பியது போலக் கேட்டுக்கொள்கிறோம். வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது, ஜெனிட்டா. நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்திருந்தேன். நீ எங்களைப் பார், வேண்டாம் என்று இனி அப்பா சொல்ல மாட்டார்கள். நாங்களும் உன்னைப் பார்க்க வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாக, ராத்திரி உன் அடுப்பு எரிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்களாம். மத்தியானம் ஏசியைப் போடுவதாகவும் ஒத்துக்கொண்டார்கள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே இறங்காதே. பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வருகிறது, சோறு மட்டும் நீ பொங்கினால் போதும். மறந்துவிடாதே, போன தடவை வீடியோவில் பேசும்போது உன் அடுப்பின்மேல் துணி மடித்து அடுக்கியிருந்தது. அதை முதலில் எடுத்து அலமாரியில் வை.

என்றும் உன் அம்மா,
ஜெபகனி சத்தியநேசன்