இலைச்சாற்றில் ஒரு பட்டை

மார்ச் 3, செவ்வாய்

கை இரண்டும் எரிகிறது. கையுறை போட்டு அரை மணி ஆனால் போதும், விரலிடுக்கில் அரிப்பு பிடுங்கித் தின்கிறது. இந்தக் கரப்பான் தோல்நோய் வந்து ஏழு மாதம். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஜெல் மேசையிலிருந்து எழுப்பி, கணினி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் வேறு முடிகிறது.

உப்புத் தண்ணீரில் வளர்ந்த நாற்று, நல்ல தண்ணீரில் வளர்ந்த நாற்று, இரண்டின் இலைச்சாற்றையும், புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில், பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஓட்டினேன். வழக்கமாக ஒரு குழியில் சாறு கலக்கிற கரைசலை மட்டும் வெறுமனே ஓட்டுவேன்; அதில் ஏதாவது கலந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இன்று இடம் போதவில்லை, விட்டுவிட்டேன். ஜெல்லைப் புதிதாக வந்த ஒளிரும் சாயத்தில் ஊறப்போட்டு, வெளிச்சம் படாமல் பெட்டியில் அலுமினியத் தாள் சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4, புதன்

பழைய நீலச் சாயத்தில் கண்ணிலேயே படாத புரதமெல்லாம் இதில் தெரிகிறது! விளக்கின் மேல் ஜெல்லை வைத்ததும் ஆரஞ்சு ஆரஞ்சாகப் பட்டைகள். உப்பு நாற்று நான்கிலும் நடுவில் ஒரு பட்டை. நல்ல தண்ணீர் நாற்றில் அது இல்லவே இல்லை.

எங்கள் தலைவரை, சாரை, ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். ஜெல்லைக் கையால் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும் அவர். குனிந்து பார்த்துச் சிரிசிரி என்று சிரித்தார். "ஏம்மா, இத்தனை நாளா இத எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"

மார்ச் 6, வெள்ளி

அதே சாற்றை இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். அதே பட்டை. வெட்டியெடுத்து, என்ன புரதம் என்று கண்டுபிடிக்க வெளியே அனுப்பியாயிற்று. அது வருவதற்குள்ளேயே சார் மாநாட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

முடிவு வந்துவிட்டது. கெரட்டின். மனிதத் தோலின் புரதம்.

இலைச்சாற்றில் மனிதத் தோல்!

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சார் அதைப் படித்தார். முகம் கறுத்துவிட்டது. "யாரோட கைம்மா இது?" கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். "தட்டு சரியா கழுவலையோ என்னவோ சார்." நான்தான் சொன்னேன். என் வாயால்.

ஜெல் வார்க்கிற தட்டும் ஊறப்போடுகிற பெட்டியும் கழுவுகிற அக்கா அப்போது கதவோரம்தான் நின்றார். பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறவர். கழுவியதை அடுக்கிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் அடுக்கினார்.

தட்டு அழுக்கு ஜெல்லில் புள்ளியாகத் தெரியும், திட்டாகத் தெரியும். குழிக்குழியாக, ஒரே உயரத்தில், கோடு போட்ட மாதிரி நிற்காது. இது எனக்குத் தெரியாதா? சொல்லும்போதே தெரியும். சீ.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவைச் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்தொட்டி தூக்குகிற வேலை.

மார்ச் 19, வியாழன்

நேற்று, மிச்சமிருந்த வெறும் கரைசலை மட்டும் ஓட்டினேன். இலைச்சாறு ஒரு சொட்டுகூடக் கிடையாது. இன்று காலை விளக்கில் வைத்துப் பார்த்தால் — அதே உயரம், அதே பட்டை.

எல்லாம் ஞாபகம் வருகிறது. நல்ல தண்ணீர் நாற்றோடு பழைய கரைசல் தீர்ந்துபோனது. உப்பு நாற்றுக்குப் புதிதாகக் கலக்கினேன். அரிப்பு தாங்காமல் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, செதில் உதிர்கிற இந்தக் கையால். அந்தக் கரைசல் போன இடமெல்லாம் என் தோலும் போயிருக்கிறது. இரண்டு வாரமாக நான் கொண்டாடியது என் கரப்பானைத்தான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கைக்கு மருந்து தடவிக்கொண்டே, "வேலைய விட்டா தூக்கிட்டாங்க? இடம்தானே மாத்தினாங்க, விடு" என்றார். இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதேதான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

வெறும் கரைசல் ஓடிய ஜெல்லின் படத்தைச் சாரிடம் காட்டவில்லை. இன்றும்.

மார்ச் 25, புதன்

கண்ணாடிக் கூடத்துக்குப் போனேன். அக்கா முட்டி போட்டு மண் அள்ளிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரக்கூடத் தோன்றவில்லை. கையையும் காட்டினேன். அதைப் பார்த்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. மூணு தண்ணி அலசாம ஒரு தட்டையும் நான் அடுக்கினதில்ல."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"இங்க வந்து செடிங்க முன்னாடி சொல்றீங்க. அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீங்க?"

அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உதவிக்குக் கை நீட்டினேன், "வேணாம்" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

நாளை கூட்டம். போன திங்களும் கூட்டம் இருந்தது. வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தேன். நாளைக்கும் அப்படித்தானா? ஒப்பந்தம் போனால் போகட்டும் — இல்லை, போனால் எப்படி? தெரியவில்லை. வெட்கம் கெட்டவள் நான், இப்போதும் கணக்குப் போடுகிறேன்.

மார்ச் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வெறும் கரைசல் ஓடிய படத்தைத் திரையில் போட்டேன். "இது தட்டு இல்ல சார். என் தோல். கிளவுஸ் போடாம கலக்கினேன். தட்டு காரணமில்லன்னு தெரிஞ்சேதான் அக்கா மேல போட்டேன்." கையை மேசைமேல் எடுத்து வைத்தேன். யாரோ இருமினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் சார் என்னை நிறுத்தினார். "தட்டு அழுக்கு கோடா நிக்காதேன்னு எனக்கும் அன்னைக்கு சாயங்காலமே தோணிச்சும்மா."

"அப்போ அக்காவ ஏன் சார் மாத்தினீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

மாநாட்டுக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றாயிற்று. என் ஒப்பந்தத்தை மூன்றே மாதம் நீட்டித்திருக்கிறார்கள். ஜெல் மேசை வேறொருவருக்கு. எனக்குக் கணினி.

அக்காவைத் திரும்ப வரச் சொல்லி சார் நேரில் போய்க் கூப்பிட்டிருக்கிறார். "இங்கயே இருந்துக்கிறேன் சார். செடி யார் மேலயும் பழி போடாது" என்றாராம். சார் திரும்பி வந்துவிட்டார்.

புது ஆள் இன்னும் வரவில்லை. கழுவுகிற தொட்டியில் தட்டுகள் குவிந்துவிட்டன. இன்று மதியம் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினேன். மூன்று தண்ணீர் அலசினோம்.