உறைக்குள் வைத்த வெள்ளைத் துண்டு

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இதைப் பிரிக்கும்போது நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஒரு நினைப்போடுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறார். தம்பி ஒழுங்காக வேலைக்குப் போகிறான், முடி வெட்டச் சொன்னால்தான் காது கேட்பதில்லை. உன் காரைப் பற்றி வாயைத் திறந்தாலே "ஐயோ அம்மா, ஆரம்பிச்சுட்டியா"ன்னு சிரித்துப் போனை வைத்துவிடுகிறாய். மாப்பிள்ளையிடம் சொன்னால் "அவ செஞ்சா உறுதியாத்தான் இருக்கும் அத்தை" என்கிறார். முழு விஷயத்தையும் போனில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, தப்பு என்னுடையது.

காற்று காரை அழுத்திப் பிடிக்கும் என்று பின்பக்கம் ஒரு இறக்கை செய்து மாட்டினாயே, அதற்கு வெள்ளை பிளாஸ்டிக் தகடு கொடுத்தனுப்பியது நான்தானே. எங்கள் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட அடுக்கிலிருந்து கேட்டு வாங்கினேன். மூலையில் சிவப்புக் குறி இருந்தது. நிறம் சரியில்லாமல் கழித்திருப்பார்கள் என்று நானாக நினைத்து, என் பிள்ளைக்குப் போவது பளிச்சென்று இருக்கட்டும் என்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். போன வாரம் கலவை போடும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள், "சிவப்புக் குறின்னா வெயில் தாங்குற மருந்து சேர்க்காததுடி, வீட்டுக்குள்ள அலமாரிக்குத்தான் ஆகும்." பதினெட்டு வருஷமாக அங்கே தகடு அறுக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே பாவி எனக்கு. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடினேன். அதே தகட்டில் மிஞ்சியதைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது.

தினமும் நெடுஞ்சாலையில் நீ காரில் முன்னால், மாப்பிள்ளை பைக்கில் பின்னால். அந்த இறக்கை பிய்ந்து பறந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது சின்னு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலை எட்டு மணிக்கு நீங்கள் கிளம்பும் நேரம் எனக்கு மெஷினில் கை ஓடுவதில்லை.

ஆசையை விடச் சொல்லவில்லை, வேறு செய்துகொள். வெளியில் வைக்கத்தான் என்று கேட்டுக் கறுப்புத் தகடு வாங்கு, அது வெயில் தாங்கும். பலகை மழையில் ஊறி உப்பும், அக்ரிலிக் கல் பட்டால் சில்லு சில்லாகும், அலுமினியம் நல்லதுதான் ஆனால் மெல்லிசாக வாங்கினால் அதிர்ந்து அதிர்ந்து போல்ட் ஓட்டையில் கிழியும். எதுவானாலும் மூலையை வளைத்து அறு, விரிசல் கூர்மூலையில்தான் பிடிக்கும். அகலமான வாஷர் போடு.

இருவரும் நூறு வயசு ஒன்றாக இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மறக்காதே, உறைக்குள் இரண்டு அட்டைக்கு நடுவே மாடித் தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கிறது. முழுசாகத்தான் வைத்தேன். முழுசாக வந்திருந்தால் கட்டைவிரலை வைத்துப் பார். இரண்டாக வந்திருந்தால் கார் சாவியைத் தொடாதே, ஸ்பேனரை எடு.

உன் பதில் வரும்வரை தூக்கமில்லாத,
அம்மா