குதிரைக்கு வைத்த வாளி

14 ஓகஸ்ட் 1996, புதன்

நாடு விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் கால்சா ஒழுங்கையில், குதிரையைக் கட்டியிருந்த கராஜ் காலையில் திறந்து கிடந்தது. குதிரை இல்லை. நான் தண்ணீர் வைத்த பச்சை வாளி மட்டும் கிடந்தது, விளிம்பில் பல் பதிந்தபடி.

மலையில் தன்பாட்டில் திரிந்ததை யாரோ பிடித்துவந்து இறைச்சிக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். ஊரில், எங்கள் நெடுந்தீவில், கோடை வந்தால் கட்டாக்காலிக் குதிரைகளுக்குக் கிணற்றில் அள்ளித் தொட்டியில் ஊற்றுவோம். அந்தப் பழக்கத்தில்தான் உடைந்த கதவின் கீழால் தினமும் வாளியைத் தள்ளினேன்.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சினியோரா, இப்படிப்பட்ட குதிரைகளை மீட்பவர். போன கிழமை கேட்டார்: “உன் ஒழுங்கையில் ஒரு குதிரை இருக்கிறதாமே, கண்டாயா? கண்டவர் ஒருவர் கையெழுத்து வைத்தால் பொலிஸ் கதவைத் திறக்கும்.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றுவிட்டு வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் கேட்டேன்.

“பேர் குடுத்திடாதையும். முதல் இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ பேப்பர் கிடைக்கட்டும்.”

மறுநாள் சினியோராவிடம், நான் ஒன்றும் காணவில்லை என்றேன்.

இன்று குதிரை இறைச்சிக்குப் போய்விட்டது என்று கேட்டு சினியோரா குசினி அடுப்படியில் நின்று அழுதார். பிறகு என் கையைப் பிடித்தார். “உன்னைக் கேட்டதே பிழை. நீ குதிரைத் தீவுக்காரி. கண்டிருந்தால் நீயே வந்து சொல்லியிருப்பாய்.”

அதற்கும் தலையாட்டினேன்.